வைவதற்கு ஒருவர்

அருப்புக்கோட்டையின் தறியோசை செவிக்கு எட்டாத தொலைவு கீழ்த்திசை நோக்கி நடந்து, திருச்சுழியின் குண்டாற்று மணல் கண்ணுக்குத் தென்படுமுன்னரே நின்று நாற்புறமும் நோக்குவார்க்கு, வானம் கவிழ்த்து வைத்த வெண்கலம் போலவும், மண் அதனடியில் தீய்ந்துபோன கரிச்சட்டி போலவும் தோன்றும். புரட்டாசித் திங்களின் நண்பகலில், ஞாயிறு உச்சியில் நின்று அனலைக் கொட்ட, உடைமரங்கள் தம் நிழலைத் தாமே விழுங்கி நிற்க, பாளம் பாளமாய் வெடித்த கரிசல் நிலம், இரைவேண்டி வாய்திறந்த பறவைக் குஞ்செனக் கிடக்கும். நூல்வல்ல பெருமக்கள் இதனைப் பாலையென்பர்; பிரிவுத் துயர்க்குரிய நிலமென்று உரையும் விரிப்பர். ஆங்குப் பிறந்தவர்கள் இதனைப் புஞ்சையென்பர். உரை விரிக்க அவர்கட்குப் பொழுதில்லை.

அத்தகைய புஞ்சையொன்றின் வரப்பின்மேல், ஒரு கைப்பிடிப் புழுதியை அள்ளுவதும் அதனை விரலிடுக்கில் ஒழுகவிடுவதுமாய் அமர்ந்திருந்தான் சங்கையா என்னும் உழவன். உலகத்துப் பேரரசுகளெல்லாம் ஒன்றையொன்று வீழ்த்தப் பொருதுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சங்கையாவின் நெஞ்சத்தில் நிகழ்ந்த போரோ, விதைப்பதா பொறுப்பதா என்னும் ஒன்றைப் பற்றியதே.

கரிசலின் இயல்பறியாத நகர்வாழ் அறிஞர்க்காக ஒன்று கூறுவோம். மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதையிட்டு மூடுதலைப் புழுதி விதைப்பு என்பர். உரிய நாளில் மழை இறங்கின், அப்பயிரை வெல்ல வேறு பயிரில்லை. பொய்ப்பின், விதை முழுதும் எறும்புக்கு விருந்து. மழைக்குப் பின் விதைத்தலோ அச்சமற்றது. ஆயின் நனைந்த கரிசல் காளையின் குளம்பைப் பற்றினால் விடாது, அது பதப்படுமுன் பருவம் கடந்து போதலும் உண்டு.

இவ்விரண்டனுள் எது நன்றென்று சங்கையா ஒருநாளும் எண்ணியவனல்லன். எண்ணுதற்கென்றே அவனுக்கு இருவர் இருந்தனர். தங்கை குருவம்மாளின் கணவன் தங்கசாமி ஆண்டுதோறும் "வெத" என்பான். அடுத்த புஞ்சைக்குரிய தோழன் காளிராஜ் ஆண்டுதோறும் "பொறு" என்பான். சங்கையா பாதி நிலத்தை ஒருவன் சொற்படியும் மீதியை மற்றவன் சொற்படியும் விதைப்பான். எவ்வாண்டும் ஒரு பாதி பொய்க்கும். பொய்த்த பாதிக்கு உரியவனை ஊர்நடுவே நிறுத்தி, அவன் பிறந்த நாண்மீன் தொடங்கி உறங்கும் பாய் ஈறாக வைது தீர்ப்பான். விளைந்த பாதிக்கு உரியவனை வாழ்த்த மறந்துவிடுவான். வையப்பட்டவனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்து நிற்பான்.

மாசித் திங்களில் வந்த கக்கல் கழிச்சல் நோய் இருவரையும் ஒரே வாரத்தில் கொண்டுசென்றது. இரங்கற் கூட்டத்தில் ஊர்ப் பெருந்தகை ஒருவர் எழுந்து, "இரண்டு ஞாயிறுகள் மறைந்தன!" என்று முழங்கினார். ஒரு ஞாயிற்றின் வெம்மைக்கே ஆற்றாத அவ்வூரார், நிழல் தேடிக் கலைந்தனர்.

கடந்த ஆண்டின் வறட்சியில் விதைச்சோளத்திலும் பெரும்பங்கு உலைக்குப் போயிற்று. எஞ்சியதைப் பாதியாய்ப் பிரித்தால், பிழைக்கும் பாதி வீட்டாரின் கால்வயிற்றுக்கும் போதாது. ஆதலின் இவ்வாண்டு ஒரே சொல். அது பொய்த்தால், கலப்பையை மூலையிற் சாத்திவிட்டு மதுரை ஆலைவாயிலில் வேலைக்குக் கையேந்தி நிற்பதே வழி.

அறிவு கலங்கிய சங்கையா, சேவலொன்றைக் கையிலேந்திக் காரியாபட்டிச் சாலையிலிருந்த கோடாங்கி ஒருவரிடம் சென்றான், இறந்தாரை அழைத்துக் கேட்பதற்காக. உடுக்கை அதிர, கண் சிவக்க, தங்கசாமியின் பெயரால் கோடாங்கி இடியென முழங்கினார்: "மகனே! அஞ்சற்க! விதைப்பாயாக! வானம் என் ஆணைக்கு அடங்கும்!"

சங்கையா ஐயுற்றான். "எங்க மச்சான் என்னைய மகனேன்னு கூப்புட மாட்டாகளே. ஏலே கூறுகெட்டவனேன்னுதான கூப்புடுவாக?"

"செத்த பெறகு ஆளு தெளிஞ்சிட்டாருப்பா" என்று தம் சொந்தக் குரலில் விடையிறுத்த கோடாங்கி, மீண்டும் குரலை உயர்த்திக் காளிராஜாகி, "பொறு மகனே, பொறு!" என்றார்.

"ரெண்டு பேரும் அங்க போயிமா ஒண்ணு சேரல?"

"அது ஒங்க ஊரு வம்பு. என்னைய எதுக்குக் கேக்க?" என்று சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் உள்ளே சென்றார்.

போன குழப்பம் இருமடங்காய்த் திரும்பிவர, மறுநாள்தான் சங்கையா அவ்வாறு வரப்பில் அமர்ந்திருந்தான். அப்போது குருவம்மாள் வந்து அவன்முன் நின்றாள்.

"ஏண்ணே, வரப்புல குந்திப் புழுதிய அளந்துக்கிட்டு இருந்தா மழ வந்துருமா? எங்க புஞ்சைய என்ன செய்யன்னு சொல்லு."

"என்னையவா கேக்க? நான் யாரப் போயிக் கேப்பேன்த்தா? மச்சானுக்குத் தெரியும். காளிராசுக்குத் தெரியும். எனக்கு என்ன எழவு தெரியும்?"

"அவுகளுக்குத் தெரியுமாக்கும்!" குருவம்மாள் சிரித்தாள், அச்சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாய்த் திரிந்தது. "ஒங்கிட்ட வெதைன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்து, விடிய விடிய முத்தத்துல நின்னு மேகத்தத் தேடுவாக. ஏன் சொன்னீகன்னு கேட்டா, யாராச்சும் ஒருத்தன் சொல்லணும்லன்னு சொல்லுவாக. காளிராசண்ணன் கதையும் அதேதான்."

சங்கையாவின் கையிலிருந்த புழுதி சிந்திற்று. "நான் சொல்லித் தப்பாப் போனா?"

"போனா ஒன்னைய வைவேன். அவுக இருந்தமட்டும் அவுகள வஞ்சேன். இப்ப மழ பேஞ்சாலும் பேயாட்டியும் வைய ஒரு ஆளில்லாம நெஞ்சடைக்குதுண்ணே."

தான் இழந்தது இரண்டு அறிவுகளை என்று இதுகாறும் நம்பியிருந்த சங்கையாவுக்கு, அங்கே அறிவென்று ஒன்று இருந்ததேயில்லை என்பது ஆறுதலா, இரண்டாம் இறப்பா என்று விளங்கவில்லை. தன்னைப்போலவே ஏதும் அறியாத இருவர், அறிந்தார்போல் நின்று, அவன் வசவை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டனர். அவர்களை ஒருமுறையேனும் வாழ்த்தியிருக்கலாமே என்று தோன்றிற்று. "வெதைப்பம்" என்றான். அச்சொல் ஏன் வந்தது, மற்றொரு சொல் ஏன் வரவில்லை என்பதை அவன் அறியான்.

இரு புஞ்சைகளிலும் விதை மண்ணுள் மறைந்தது. அதன்பின் விடிய விடிய முற்றத்தில் நின்று முகிலைத் தேடியவன் சங்கையாவே. மழையோ, பாடிப் புகழத்தக்கதாய்ப் பெய்யவுமில்லை; பழிக்கத்தக்கதாய்ப் பொய்க்கவுமில்லை. பிந்தி வந்து, அரைமனத்தோடு பெய்து, எறும்பு விட்டவற்றை மட்டும் முளைப்பித்துச் சென்றது. வெளிறிய அம்முளைகளை நோக்கி நின்ற குருவம்மாள், வாழ்த்துவதா வைவதா என்று தெளியாமல், எதற்கும் இருக்கட்டுமென்று வைதாள். நெடுநாளைய பழக்கம் முழுதும் திரண்ட, குறையொன்றும் இல்லாத வசவு அது.

பெரியோர் மறைந்தால் அவர்தம் பேரறிவும் மறைந்ததென்று உலகம் புலம்பும். மறைவது பெரும்பாலும் அறிவன்று. நம் பிழைக்கெனத் தலையைச் சொறிந்து நின்ற ஒருவரே. அவ்விடத்தில் எவரேனும் சென்று நிற்றல் வேண்டும். நிற்பவர்க்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. சங்கையா தங்கை சொல்லி முடிக்கும்வரை வெயிலில் நின்றான். முடித்த பின்னும், இன்னும் ஏதேனும் சொல்வாளோ என்று சற்றே நின்றான்.