நாற்பது பேர்

குச்சி முனையிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டில் கோரீன் ஒற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்வெட்டர் பையில் செல்பேசி மறுபடியும் அதிர்ந்தது.

"எடுத்துப் பேசு. இல்லாட்டி அணைச்சு வை. ரெண்டுல ஒண்ணு பண்ணு," என்றான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவள் தம்பி கர்ட்.

"இன்னிக்கு அணைக்க முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். எனக்குத் தெரியும், தபால்காரனுக்குத் தெரியும், எதிர்வீட்டு நாய்க்குத் தெரியும். நவம்பர் வந்தா எங்க அக்கா ஆளை வெட்டுவா."

அப்பாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா, தாகமா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டும் இல்லை. மூச்சுதான்.

ஒரு மணி நேரத் தொலைவிலிருக்கும் நகரத்தின் பேஸ்பால் அணியைக் கோரீன்தான் நடத்துகிறாள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதில் கடைசிச் சொல் அவளுடையது. ஆட்டமெல்லாம் முடிந்து மைதானத்தில் பனி விழக் காத்திருக்கும் இந்த மாதத்தில்தான் அவளுக்கு வேலை அதிகம். அணியின் பட்டியலில் நாற்பது பெயருக்குமேல் கூடாது. அந்தப் பட்டியலைச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அதில் இல்லாத இளம் ஆட்டக்காரனை டிசம்பரில் எந்த அணி வேண்டுமானாலும் கொத்திக்கொண்டு போகலாம்.

இன்று செவ்வாய்க்கிழமை. முப்பத்தொன்பது பெயர் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஓர் இடம். அதற்கு ஆள் இரண்டு. ஒருவன் எலியேசர், இருபது வயது, பந்தை அவன் வீசினால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். இன்னொருவன் டேரல் பிங்க்னி. முப்பத்தைந்து வயது; வீசிய பந்தைப் பிடிக்கும் கேட்சர். எட்டு வருஷமாக இந்த அணிக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவன். அவனை விட்டால் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அலுவலகத்திலிருந்து ஆட்ரி.

"மேடம், மணி மூணே முக்கால். கடைசிப் பேர் யாருன்னு சொன்னீங்கன்னா தட்டச்சு பண்ணி வச்சிடுவேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் குடு."

"அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான்."

பேசிவிட்டு ஜன்னல் வரை நடந்தாள். அங்கிருந்து அடுப்பு வரை. அடுப்பின்மேல் பக்கத்து வீட்டம்மாள் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் பாத்திரம், மூடிய அலுமினியத் தாளைக்கூட யாரும் பிரிக்காமல் கிடந்தது. டோஸ்டர்மேல் சாய்ந்து ஓர் உறை நின்றது. ஒட்டியிருந்தது. மேலே அப்பாவின் கையெழுத்து, கோணல்மாணலாக: 'கோரீன். ஆறு மணிக்குப் பிறகு.'

அவள் இந்த வேலைக்கு வந்த வருஷத்திலிருந்து நடக்கிற பந்தயம் இது. அப்பா நாற்பத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு ஆட்டம் விடாமல் வானொலியில் கேட்பவர். தன் நாற்பது பேரைத் தானே எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுவார். அவள் எதையும் முன்னால் சொல்லக்கூடாது, அவரும் கேட்கக்கூடாது. ஆறு மணி அடித்ததும் தொலைபேசியில் அவர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அவள் 'உண்டு', 'இல்லை' என்பாள். 'இல்லை' வந்த இடத்திலெல்லாம் அவரிடம் ஒரு வசவு வாங்குவாள்.

உறையைக் கையில் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"பிரிச்சுத்தான் பாரேன்." கர்ட் கதவோரம் நின்றிருந்தான். "போன வாரம் அதை எழுதி முடிக்கறதுக்கு மூணு நாள் ஆச்சு அவருக்கு. பென்சிலைக்கூட நான்தான் விரலுக்கு நடுவுல சொருகி விட்டேன். பாக்க விடலை. கையை வச்சு மறைச்சுக்கிட்டார், பரீட்சை எழுதற பிள்ளை மாதிரி."

"ஆறு மணிக்கு முன்னாடி கூடாது."

"அவருக்கு இப்ப தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே."

கர்ட் தோளைக் குலுக்கினான். கணப்பு அடுப்புகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். குளிர் தொடங்கும் இந்த மாதத்தில் அவனுக்கும் தலைக்குமேல் வேலை. நான்கு மாதமாக அத்தனை வாடிக்கையாளரையும் மச்சினனிடம் தள்ளிவிட்டு அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அவள் அவன் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் பெர்னிஸின் குரல் கேட்டது. "முழிச்சிருக்கார். வாங்க."

அப்பாவின் கண் திறந்திருந்தது. கோரீனைத் தேடி வந்து நின்றது.

"மணி என்ன?"

"நாலாவப் போவுதுப்பா."

"இன்னும் வெட்டலையா நீ? கசாப்புக் கடைக்காரனே கடையைப் பூட்டிட்டுப் போயிருப்பானே."

"யோசிக்கிறேன்."

"யோசி, யோசி." கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூடியபடியே, "நீயே கூப்பிட்டுச் சொல்லு. டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கற மாதிரி வைக்காதே," என்றார்.

"யார்கிட்டப்பா?"

"யாரா இருந்தாத்தான் என்ன."

அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஐந்து மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. பெர்னிஸ் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இருவரையும் அறைக்கு வெளியே நடைக்கு அழைத்தாள்.

"காலெல்லாம் சில்லுன்னு ஆயிட்டுது. மூச்சு விட்டு விட்டு வருது. இன்னிக்கா இருக்கலாம், நாளைக்காவும் இருக்கலாம். என்னால நேரம் சொல்ல முடியாது, கண்ணு. பக்கத்துலயே இருங்க."

கர்ட் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். கோரீன் நடையிலேயே நின்றாள். எலியேசரை விட்டால் டிசம்பரில் எவனாவது தூக்கிக்கொண்டு போவான். பத்து வருஷம் அவனுக்கு எதிராக ஆடவேண்டியிருக்கும். கணக்கில் சந்தேகமே இல்லை. நாள் முழுக்க அவள் அதை யோசிக்கவில்லை. டேரலிடம் சொல்ல வேண்டிய நேரத்தைத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஐந்து இருபதுக்கு அறை வாசலில் வந்து நின்றாள்.

"கர்ட், நான் ஒரு போன் பண்ணணும். நாலு நிமிஷம்."

"ஆட்ரிகிட்டச் சொல்லேன், பண்ணட்டும்."

"ஆட்ரி பண்ற போன் இல்ல இது."

"கோரீன். இப்பவா?"

"ஆறு மணிக்குப் பட்டியல் வெளிய வந்துடும். அதுக்கப்புறம் நான் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

கர்ட் அப்பாவின் கையை விடாமல் அவளையே பார்த்தான். "போ. நாலு நிமிஷம்னா நாலு நிமிஷம்."

வீட்டுக்குள் எங்கே பேசினாலும் அப்பாவின் காதில் விழும்; பின்வாசல் படிதான் தோது. கோட்டு போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மேடம்! நான் பெயின்ட் கடையில வரிசைல நிக்கிறேன். பொண்ணு ரூமுக்கு மஞ்சள் வேணுமாம். மஞ்சள்ல பதினாறு மஞ்சள் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"டேரல்."

அந்தப் பக்கம் கடையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல் தணிந்து வந்தது.

"நீங்க எனக்கு வருஷத்துல ஒரு தடவைதான் போன் பண்ணுவீங்க. இன்னிக்கு என் பொறந்தநாள் இல்ல."

"இல்ல."

"சரி. சொல்லுங்க. கேக்கறேன்."

"உன்னைப் பட்டியல்லேர்ந்து எடுக்கிறேன். வேற யாரும் முடிவு பண்ணலை. நான்தான்."

"அந்தப் பையனுக்காகவா? எலியேசர்?"

"ஆமா."

"நல்லா வீசுவான்." இருமினான். "போன மாசம் அவன் பந்தைப் புடிச்சேன். மூணு நாள் கை வீங்கிக்கிடந்துது. நானா இருந்தாலும் அவனைத்தான் வச்சுக்குவேன். அப்படிச் சொல்லக்கூடாதோ?"

"சொல்லலாம்."

"பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றதுன்னுதான்... இருங்க, வரிசை நகருது." எதையோ தரையில் வைத்தான். "இல்ல, வரிசையை விட்டு வந்துட்டேன். பேசுங்க. இல்லாட்டி நான் பேசறேன். எனக்கு இப்ப யார்கூடவாவது பேசணும் போல இருக்கு."

அவன் பேசினான். முதல் வருஷம் குளிரில் ஆடிய ஆட்டத்தை, முட்டியில் ஊசி போட்ட மருத்துவரை, பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. பத்து வயதிலிருந்து பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாதே என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் 'ம்' என்றாள். நாலு நிமிஷம் தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. நடுவில் வெட்டிவிட்டுப் போகிற இடமாக அது இல்லை.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடி தட்டப்பட்டது. திரும்பினாள். சமையலறை ஜன்னலில் கர்ட். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. இன்னொரு தடவை தட்டினான்.

அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஜன்னலிலிருந்து அவன் போய்விட்டான்.

"உங்கப்பா எப்படி இருக்கார், மேடம்?" என்று கேட்டான் டேரல். "போன வருஷம் எனக்கொரு கடுதாசி போட்டார், தெரியுமா? ரெண்டாவது பேஸுக்கு எறியறப்ப என் முழங்கை கீழ எறங்குதாம். வானொலியில கேட்டுக் கண்டுபுடிச்சாராம். எப்படிய்யா அது? ஆனா நெசமாவே எறங்கிக்கிட்டுதான் இருந்துது!"

"தூங்கறார்."

"கேட்டேன்னு சொல்லுங்க. போங்க, மேடம், உள்ள போங்க. நீங்க போன் பண்ணிச் சொன்னதுக்கு... சரி, வைக்கிறேன்."

அவள் உள்ளே வந்தாள். வீட்டுக்குள்ளிருந்த சூடு முகத்தில் அடித்தது. நடையில் யாரும் இல்லை. அறைக் கதவு திறந்திருந்தது. பெர்னிஸ் கட்டிலருகே நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கர்ட் அப்பாவின் கையை முன்போலவே பிடித்திருந்தான். ஆனால் பிடி வேறாக இருந்தது.

அவள் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் உட்கார்ந்தாள். பஞ்சுக்குச்சி தண்ணீர்க் கோப்பையிலேயே நின்றிருந்தது.

செல்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஐந்து நாற்பத்தெட்டு.

"மேடம், பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு. பிங்க்னி பேரை எடுத்துட்டு எலியேசரைப் போட்டுடலாமா?"

கர்ட் நிமிர்ந்து பார்த்தான். பெர்னிஸ் நோட்டை மூடிவிட்டு வெளியே போனாள்.

"எடுத்திடு," என்றாள் கோரீன்.

"அவர்கிட்ட..."

"பேசிட்டேன். அனுப்பிடு, ஆட்ரி. இனிமே கூப்பிடாதே."

செல்பேசியை அணைத்து மேசைமேல் வைத்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அந்த அறை நிசப்தமாக இருந்தது. அது தாங்க முடியாததாக இருந்ததால் எழுந்து போர்வையை இழுத்துவிட்டாள், திரைச்சீலையை மூடினாள், திறந்தாள், அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அதன் கூட்டில் வைத்தாள்.

"உட்காரேன்," என்றான் கர்ட்.

ஏழு மணிக்கு இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து இருவர் வந்தார்கள். கருப்புக் கோட்டை வாசலிலேயே உதறி, மரியாதையாகக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் மூத்தவர், "சின்ன வயசுல இவர் பஸ்லதான் நான் பள்ளிக்கூடம் போவேன். எத்தனை லேட்டா ஓடிவந்தாலும் நிறுத்துவார்," என்றார். கர்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எங்களுக்கு மட்டும் நிறுத்த மாட்டார்," என்றான். மூவரும் சிரித்தார்கள். பிறகு அவரைக் கொண்டுபோனார்கள்.

கர்ட் நூடுல்ஸ் பாத்திரத்தின் தாளைப் பிரித்து, ஒரு கரண்டியைக் குத்தி வைத்தான். இருவரும் சாப்பிடவில்லை. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் தட்டினேன்," என்றான்.

"கேட்டுச்சு."

அவன் பாத்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தினான். பிறகு கையை நீட்டி, டோஸ்டர்மேல் இருந்த உறையை எடுத்தான்.

"ஆறு அடிச்சாச்சு. நான் வாசிக்கட்டுமா?"

"வாசி."

உறையைக் கிழித்தான். கோடு போட்ட தாள், நான்காக மடித்தது. பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்கி எழுதப்பட்டிருந்தன. அவன் அப்பாவைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டான். முதல் பெயரை வாசித்தான்.

"உண்டு," என்றாள்.

இரண்டாவது. "உண்டு." மூன்றாவது, நான்காவது. "உண்டு. உண்டு." பதினேழாவதில் ஓர் 'இல்லை' வந்தது. கர்ட் நிறுத்தினான். வசவுக்கு இடம் விட்டதுபோல இருந்தது. பிறகு தொடர்ந்தான்.

"எலியேசர்."

"உண்டு."

"டேரல் பிங்க்னி."

அவள் மேசையின் விளிம்பைத் தடவினாள். "இல்ல."

இன்னும் பெயர்கள் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"அவ்வளவுதான்."

"எத்தனை?"

"நாப்பதுதானே இருக்கும்?"

"எண்ணு."

விரலை வைத்து எண்ணினான். மறுபடியும் மேலிருந்து எண்ணினான்.

"நாப்பத்தொண்ணு." தாளை அவள் பக்கம் தள்ளினான். "நீ முதல் வருஷம் எண்ணிக்கையில தப்பு பண்ணினப்ப உன்னை எத்தனை நாள் ஓட்டினார்! நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதுக்குன்னு. கடைசியில அவருக்கே தெரியலையா?"

"தெரியும் அவருக்கு."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். டேரலின் பெயர்மேல் ஒரு கோடு இருந்த தடம் தெரிந்தது. கோட்டை ரப்பரால் அழித்து, அதோடு பாதி பெயரும் போய், அதே இடத்தில் பெயரை மறுபடி எழுதியிருந்தார். அதையும் அடித்து, அந்தக் கோட்டையும் அழித்திருந்தார். கடைசியாக எழுதியது பென்சில் உடையும் அளவுக்கு அழுத்தமாக இருந்தது.

"என்ன பாக்கறே?" என்றான் கர்ட்.

அவள் தாளை மேசை விளக்கின் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. விளக்கின் வெளிச்சம் அதன் வழியே வந்தது.