எதிரணியில் என் மகள்

என் மகள் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது நான் பல் டாக்டரம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கடையின் உள்ளறையில் துண்டுகளும் ஷாம்பூ கேன்களும் அடுக்கியிருக்கும். அங்கே திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவள் லேப்டாப்பைப் பார்த்து முழங்கினாள்.

"சொந்தக் கடையில் பிள்ளையை வேலை வாங்குவதற்கு உதவி என்று பெயர் வைத்திருக்கிறோம். முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் கேட்கப்படும் உதவி, உதவியே இல்லை. அது உத்தரவு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மாவின் காதில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

"வக்கீல் இன்னைக்குச் செம சூடு போல," என்று சிரித்தார் டாக்டரம்மா.

வக்கீல் என்பது என் மகளுக்கு நான் வைத்த பெயர். பால் குடிக்கச் சொன்னால்கூட ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவாள். அந்த வாய்க்கு ஏற்ற மாதிரி பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம் வந்து மாட்டியது. உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகளை இணையத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விவாதம் நடத்துகிறார்கள். ஒரே நாட்டுப் பிள்ளைகள் ஜோடி சேரக் கூடாது. முகம் தெரியாத ஒருத்தியோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்ய வேண்டும்.

அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எதிராளி சொன்னதை முதலில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளியே வாயைத் திறந்து "அதேதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுத்துப் பேச விடுவார்கள். "இந்த விதி நம்ம வீட்டுக்கு வந்தா உங்கப்பா வாயே திறக்க முடியாதுடி" என்றேன். அவள் இன்னும் ஏதேதோ விதியெல்லாம் சொன்னாள். அதற்குள் நான் டிரையரைப் போட்டுவிட்டேன். வேலை நேரத்தில் எவ்வளவுதான் கேட்பது?

அவளுக்கு ஜோடியாக வந்தவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெண். அவள் குரல் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். நாம் கேள்வி கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு பதில் வரும். அதனால் கடையில் அவளுக்குப் பெயர் தாமதம். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவள். என் தலை லேப்டாப்பில் தெரிந்தால் போதும், "அம்மா, தாங்கள் நலமா?" என்பாள். இந்தப் பிறவியில் என்னைத் தாங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஜீவன் அவள்தான். பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இரண்டு பேரும் ஒவ்வொரு சுற்றாக எதிரணிகளை ஊதித் தள்ளிவிட்டு, சனிக்கிழமை நடக்கும் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்த உத்தரவுப் பேச்சு காதில் விழுந்தது.

என் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் என் கையில் தலையைக் கொடுக்காத பெண் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு, ஒன்று என் தங்கைக்கு. மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து முடியைக் கூட்டுவாள், தலை அலசிவிடுவாள், வருகிறவர்களை நாற்காலி காலியாகும்வரை சிரிக்க வைப்பாள். அவள் விரல் பட்டால் கிழவிகள்கூட அப்படியே கண் சொக்கிப் போவார்கள். என்றைக்காவது இந்தக் கடை அவள் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அதற்காக மூன்றாவதாக ஒரு நாற்காலிக்குச் சொல்லிவைத்திருந்தேன். சிவப்பு நிறம், காலால் மிதித்தால் உயரும். அவளிடம் இன்னும் மூச்சு விடவில்லை. ஃபைனல் முடிந்ததும் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

இப்போது உத்தரவாம்! விவாதம் என்றால் மனதில் இருப்பதைப் போட்டு உடைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் செய்யும் விவாதம் எல்லாம் அப்படித்தான். ஆக, இத்தனை நாளும் அவள் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டுதான் முடியைக் கூட்டியிருக்கிறாள். இது தெரியாமல் நான் சிவப்பு நாற்காலி வாங்குகிறேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். "நாளையிலேர்ந்து நீ கடைப் பக்கம் வர வேணாம்."

"ஏம்மா?"

"படிக்கிற பொண்ணுக்குக் கடையில என்ன வேலை? போய்ப் படி."

"அப்போ பிராக்டிஸ்? வீட்டுல நெட் விட்டு விட்டு வருதும்மா."

"அதெல்லாம் வரும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்டுக் குடைவாள் என்று பார்த்தேன். குடையவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தங்கை மட்டும் விடவில்லை.

"என்னக்கா ஆச்சு? பிள்ளை மூஞ்சி தொங்கிப் போச்சு."

"தொங்கட்டும்."

"உன் மூஞ்சியும்தான் தொங்குது."

"உன் வேலையைப் பாருடி."

பெற்ற மகள் நம்மைப் பற்றி இப்படி நினைக்கிறாள் என்பதை வாய்விட்டு யாரிடம் சொல்வது? தங்கையிடம்கூட மனது வரவில்லை. முடியை நானே கூட்டினேன். இடுப்பு கழன்றது.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. நாற்காலியில் இரண்டு பேர், பெஞ்சில் ஈரத்தலையோடு வரிசை. நுனி வெட்டிக்கொள்ள டாக்டரம்மாவும் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வக்கீல் ஓடி வந்தாள். நெஞ்சோடு லேப்டாப்.

"அம்மா, வீட்டுல நெட் சுத்தமா போச்சு. இப்போ ஆரம்பிக்கப் போறாங்க. உள்ரூம்ல உட்காரட்டுமா? மாட்டேன்னா சொல்லிடு, லைப்ரரிக்கு ஓடறேன்."

எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. என்னைப் பற்றிக் குறை சொல்வதற்கு என் கடை இன்டர்நெட்டே வேண்டுமாம். ஆனால் அவள் நெற்றியில் வியர்வை. மூச்சு இரைக்கிறது. நான் கோபக்காரிதான், அதற்காகப் பிள்ளை தோற்றுப்போவதை வேடிக்கை பார்க்கிறவள் இல்லை.

"போய் உட்காரு," என்றேன். பிறகு கடையைப் பார்த்துத் திரும்பினேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ பேசி முடிக்கிறவரைக்கும் டிரையர் கிடையாது. ஈரத்தலையோட உட்காருங்க. சளி பிடிச்சா மாத்திரை நான் வாங்கித் தரேன்."

யாரும் முணுமுணுக்கவில்லை. டிரையர் நின்றதும் திரைக்குப் பின்னால் நடப்பது முழுவதும் கடைக்குக் கேட்டது.

முதலில் எதிரணிப் பையன் பேசினான். அவன் அப்பாவுக்கு எங்கேயோ ஒரு சைக்கிள் கடையாம். சொந்தக் கடையில் வேலை செய்யும் பிள்ளைதான் மனிதர்களைப் படிக்கக் கற்கிறது, பொறுப்பு தானாக வருகிறது என்று அடித்துப் பேசினான். சபாஷ்டா தம்பி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொந்த மகளுக்கு எதிராக ஒருத்தனுக்குக் கை தட்டுகிறேனே என்று உறைத்தது. ஆனாலும் அவன் சொன்னது அத்தனையும் நியாயம்.

அடுத்து என் மகள். விதிப்படி, முதலில் அவன் பக்கத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எதிரணி சொல்வது இதுதான்," என்று நிதானமாகத் தொடங்கினாள். "கடையில் வளரும் பிள்ளை முகங்களைப் படிக்கிறது. ஒருவர் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லும்போது அவர் கண் வேறு ஒன்றைச் சொல்வதைக் கண்டுபிடிக்கிறது. காலையிலிருந்து நின்று கால் வீங்கிப் போன அம்மா, முதலில் வந்தவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பைக் கடைசியாக வந்தவருக்கும் கொடுப்பதைப் பார்க்கிறது. அதைப் பார்த்து வளர்வதே ஒரு படிப்பு. அது வேறெங்கும் கிடைக்காது. இதைத்தானே சொல்கிறீர்கள்?"

"அதேதான்," என்றான் பையன். "என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்."

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றது. இதையெல்லாம் இவள் எப்போது பார்த்தாள்? முடியைத்தானே கூட்டிக்கொண்டிருந்தாள்?

"இவ்வளவும் உண்மை," என்று அவள் தொடர்ந்தாள். "உண்மை என்பதால்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகும் அந்தச் சிரிப்பு அதற்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்று யார் அதனிடம் சொல்லியிருக்கிறார்கள்?"

பெஞ்சில் யாருடைய தலையிலிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தாமதம் பேசினாள். தன் அழகான புத்தகத் தமிழில், அவசரமே இல்லாமல், எதிரணியின் மிச்சம் மீதியையும் சுருட்டி வைத்தாள். மூன்று நாடுகளிலிருந்து மூன்று நடுவர்கள். மூன்று பேரும் இவர்கள் பக்கம்தான்!

ஈரத்தலைகள் எல்லாம் எழுந்து கை தட்டின. வக்கீல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி வந்தாள். லேப்டாப்பில் தாமதம் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தங்கை ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

டாக்டரம்மாதான் கேட்டார். "ஏம்மா வக்கீல், அந்தப் பையன் பக்கத்தையே அவனைவிட நல்லாச் சொன்னியே, அப்புறம் ஏன் அதுக்கு எதிரா பேசறே?"

"பக்கத்தை நாங்க எடுக்கிறதில்ல ஆன்ட்டி. குலுக்கல்ல விழும். எங்களுக்கு இது விழுந்துச்சு. மாறி விழுந்திருந்தா அதையும் பேசியிருப்போம்."

"குலுக்கலா?" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. "அப்போ அன்னைக்கு உத்தரவு, உத்தரவுன்னு கத்தினது?"

"அதுவும் இதுக்குத்தாம்மா. குலுக்கல்னு முதல் நாளே சொன்னேனே." அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கண் விரிந்தது. "அம்மா! அதைக் கேட்டுட்டா என்னைக் கடைக்கு வர வேணாம்னே?"

"டிரையர் ஓடிட்டு இருந்துச்சுடி," என்றேன். வேறு என்ன சொல்வது? கடையே விழுந்து விழுந்து சிரித்தது. தங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கு வந்த நிம்மதியை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. அந்த வேகத்தில் வாய் ஓடிவிட்டது. "அடி என் தங்கமே, உனக்காக ஒரு நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன். சிவப்பு. பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட வந்து சேர வேண்டியதுதான். போர்டுல உன் பேரும் வரும். எப்படி?"

அவள் எனக்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா," என்றாள்.

நான் இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவள் இல்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுகிற பெண்களின் முகம் எனக்குத் தெரியும். அதே முகம் என் கண்ணாடியில், என் மகளின் கழுத்துக்கு மேல் இருந்தது. குலுக்கலில் பக்கம்தான் விழுந்தது. அந்தக் கேள்வியை இவள் தன் மனதிலிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

"நில்லு," என்றேன். "விதிப்படி போவோம். உன் பக்கத்தை நான் சொல்றேன். சரியான்னு நீ சொல்லு."

"அம்மா, அதெல்லாம் வேணாம்…"

"பேசாதே. என் முறை." கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "உனக்குக் கடையைப் பிடிக்கும். வர்றவங்களைப் பிடிக்கும். என்னையும் பிடிக்கும், கொஞ்சமாவது. ஆனா நாள் பூரா ஒரே கண்ணாடி முன்னாடி நிக்கப் பிடிக்கல. நீ பேசப் பிறந்தவ. இதை அம்மாகிட்ட சொன்னா, அவ மூஞ்சியில சிரிப்பு நின்னுடுமோன்னு உனக்குப் பயம். ரொம்ப நாளா பயம். சரியா?"

"அதேதாம்மா," என்றாள். அழுதுவிட்டாள்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. எத்தனையோ நாளாக மனதில் மாட்டி வைத்திருந்த போர்டை நானே கழற்றி இறக்கினேன்.

அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து, எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் குரல் வந்து சேர்ந்தது.

"அம்மா, இனித் தாங்கள் மறுப்புரை வழங்கலாம்."

அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

"மறுப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றேன் தாமதத்திடம். மகள் பக்கம் திரும்பினேன். "நாற்காலி வரட்டும். ஆள் கிடைக்காமலா போகும்? என் கடைக்குத் தேடிக்கிட்டு வருவாங்க. உன் கேள்விக்குப் பதில் வேணுமா? அந்தச் சிரிப்பு கிடைக்கும்டி. நீ எங்க போனாலும், என்ன வேணாம்னு சொன்னாலும் கிடைக்கும். இப்போ இந்தக் கூட்டத்துல கொஞ்சம் முடியைக் கூட்டித் தரியா? இது உத்தரவு இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

அவள் துடைப்பத்தைப் பார்த்தாள். லேப்டாப்பில் காத்திருக்கும் ஜோடியைப் பார்த்தாள். கடைசியாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"முடியாதும்மா," என்றாள் மெதுவாக. "இவளோட கொஞ்ச நேரம் கொண்டாடணும்."

கடையில் அத்தனை கண்களும் கண்ணாடி வழியாக என் முகத்துக்குத் திரும்பின. அவள் கண்ணும்தான். நான் சிரித்தேன், காலையில் முதல் ஆளுக்குச் சிரித்த அதே சிரிப்பு. அவள் கொஞ்ச நேரம் அதையே படித்துப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்போடு உள்ளே போனாள். நான் டிரையரைப் போடச் சொல்லித் தங்கைக்குக் குரல் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்தேன்.