ஐம்பத்திரண்டு எழுத்துகள்

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெரியவள் உள்ளறையில், அம்மாவின் கம்ப்யூட்டரில், மாலை போட ஒரு படம் தேடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பினால்தான் பெரிதாக்கி ஃப்ரேம் போட முடியும் என்று ஸ்டுடியோக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"கம்ப்யூட்டருக்கே சட்டம் எழுதறவ, ஒரு படம் தேட இவ்ளோ நேரமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டே சித்தி கேட்டாள். "அப்படித்தான் உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா."

சட்டமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில், கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கலாம், எப்படி வைக்கக் கூடாது என்று விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. பெயர் 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவள் எழுதிய வரி.

தம்பி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். "ஒரு படத்துக்குப் பேரு வைக்க அம்மா ஒரு வாரம் மல்லுக்கட்டினாங்கக்கா. கம்ப்யூட்டர் ஏத்துக்கவே இல்ல. உன்கிட்ட கேட்டாங்களாமே?"

கேட்டாள். போன மாதம், இவள் மீட்டிங்கில் இருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"255 எழுத்துக்குள்ள வைம்மா. கதை எழுதாத."

"எண்ணிட்டேன்டி, அவ்ளோ இல்ல."

"தப்பா எண்ணியிருப்ப. மறுபடி எண்ணு."

பதில் வருமுன் இவள் போனை வைத்துவிட்டாள்.

நோட்டில் அம்மாவின் கையெழுத்து: 'பெரியவ முதன்முதலா வேலைக்குப் போன அன்னிக்கு ஸ்டேஷன்ல அவளே எடுத்த படம் நான் அழுததை மறைக்க சிரிச்சது.' ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு புள்ளி. ஓரத்தில் 52. அடுத்த பக்கத்திலும் அதே வரி, 52. அதற்கடுத்த பக்கத்திலும். கடைசியில் பொடியாக: 'என் கணக்குதான் தப்பு போல. அவளைத் தொந்தரவு பண்ணக் கூடாது.'

அவளும் எண்ணிப் பார்த்தாள். 52தான். கம்ப்யூட்டர் எண்ணுவது எழுத்தை அல்ல, அதைச் சேமிக்க ஆகும் இடத்தை, பைட்டை. ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். தமிழுக்கு மூன்று, கொம்போ புள்ளியோ சேர்ந்தால் ஆறு. அம்மாவின் ஐம்பத்திரண்டே 255-ஐத் தாண்டிவிடும். தெரிந்த விஷயம்தான். அந்த வரியை எழுதும்போது தமிழ் நினைவுக்கே வரவில்லை.

"பாவம், அம்மாவுக்கு எண்ணத் தெரியல போல," என்றான் தம்பி.

அவள் வாயைத் திறந்தாள். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள் பெரியவள்.

நோட்டில் இருந்த அந்த ஸ்டேஷன் படம் கிடைத்தது; அம்மா கடைசியில் அதற்கு வெறும் '1' என்று பெயர் வைத்திருந்தாள். அனுப்பினாள். உடனே ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது.

"மேடம், வெறும் 'ஒண்ணு'ன்னு ஒரு படம் வந்திருக்கு. பேரே இல்லையே, இதுதானா?"

"அதுதான்."

அவள் விரல் நோட்டில் முதல் புள்ளியின் மேல் இருந்தது.