கதவோரம் உட்கார்ந்த உறுப்பினர்

நோயாளிகளின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதால், முதுகுத்தண்டு ஆராய்ச்சிக் குழுவின் பேராசிரியர் ஒரு குரலைத் தேடிப் பிடித்தார். பூகோள டீச்சர். படிக்கட்டில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாலு வருஷம். சக்கர நாற்காலி அந்த அறையில் வேறெங்கும் நுழையாததால் கதவை அடைத்தாற்போல் உட்கார வைத்தார்கள். எல்லோரையும் அரவணைத்துச் செல்லும் குழு என்று குறிப்பில் ஏறியது.

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கக் குழு வைத்திருந்தது ஒரே அளவுகோல்: நோயாளி எத்தனை அடி நடந்தார்? டீச்சரின் நாத்தனாரும் வாரம் தவறாமல் போனில் அதையேதான் கேட்பாள்: “அண்ணி, எப்ப நடப்பீங்க?”

டீச்சருக்கு நடக்கிற அவசரமில்லை. உலகப் படத்தை உட்கார்ந்தே நடத்தலாம். பள்ளிக்கூடமும் திரும்பக் கூப்பிடுகிறது. வகுப்பு நடுவே புடவை நனைந்துவிடுமே என்ற பயம்தான் அவரைப் போகவிடவில்லை. சிறுநீர்க் குழாயும் பையும் மாட்டினால் நாலாம் நாள் காய்ச்சல். இன்றைக்கு மட்டும் துணிந்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சிறுநீரை அடக்க முடிகிறதா என்பதையே முதலில் அளக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த திருத்தம்.

பேராசிரியர் கனிவாக விளக்கினார். “நடந்தா வீடியோ எடுக்கலாம் மேடம். இதை எப்படி எடுக்கறது?”

கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, குழுவின் சின்னத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் நாற்காலியிலிருந்து எழும் மனிதன் எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்பதில் இரண்டு மணி நேரமும் மூன்று சுற்றுத் தேநீரும் போயின. இடது கால் வென்றது.

பேராசிரியர் சட்டென்று எழுந்தார். நேரமாகிவிட்டது, மிச்சத்தை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். கதவில் டீச்சர் இருந்தார்.

“என் திருத்தம் பாக்கி இருக்கு சார்.”

“ஒரு அஞ்சு நிமிஷம் மேடம், வெளிய போயிட்டு வந்துடறேன்.”

“உங்க ரெண்டு காலும் நல்லாத்தானே நடக்குது,” என்றார் டீச்சர், வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில். “இப்ப உங்களுக்கு என்ன சார் வேணும்?”

பேராசிரியர் முழங்கால்களை நெருக்கிக்கொண்டு நின்றார். யோசித்தார். அவ்வளவு ஊன்றி அவர் யோசித்ததைக் குழு பார்த்ததில்லை.

“மேடம் திருத்தத்தை முதல் வரியா போடும்மா,” என்றார் செயலாளரிடம்.

செயலாளர் எழுதி முடித்து வாசித்தும் காட்டினார். எதிர்ப்பில்லை. டீச்சர் சக்கரத்தைத் திருப்பி வழிவிட்டார்.

பேராசிரியர் எத்தனை அடி நடந்தார் என்று யாரும் அளக்கவில்லை.