மாசியச் சோறு

ஜெகதீஸ்வரி உயிரோடு இருந்தவரைக்கும் பின்வளவில் அவள் வெட்டுவித்த சின்னக் குளத்தைத் தியாகலிங்கம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சட்டியில் போட உதவாத மீனுக்கு இவ்வளவு சீராட்டோ ஈசு என்று மனைவியைப் பகிடி பண்ணுவதோடு அவர் பங்கு முடிந்துவிடும். செப்டம்பரில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு மீன்கள்தான் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சனம் சொல்வது இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்.

மொன்ட்ரியால் குளிர் யாருக்கும் இரக்கம் பார்க்காது. குளத்தைப் பனிக்கட்டி முழுதாக மூடினால் மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அவளுடைய மீன்களைச் சித்திரை வெயில் வரும் மட்டும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இனித் தன் வேலை என்று தியாகலிங்கம் முடிவெடுத்தார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தேய்ந்த முதுகோடு குந்தியிருந்து, பம்பைக் கழற்றிக் கழுவி பேஸ்மென்ற்றில் வைத்தார். மேப்பிள் சருகு விழாமல் வலை கட்டினார். பனிக்கட்டியில் ஒரு ஓட்டையாவது திறந்திருக்க வேண்டுமென்று மிதக்கும் ஹீற்றர் ஒன்றை வாங்கினார். கடைக்காரி பிரெஞ்சில் இன்னும் ஏதேதோ விளங்கப்படுத்தினாள். இவர் 'மெர்சி, மெர்சி' என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

நவம்பரில், செத்த திதியில் மாதாமாதம் படைக்கும் மாசியம் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் வினோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தானே சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து, மனைவியின் படத்துக்கு முன்னால் படைத்து, அவள் பங்கைக் காகத்துக்கு வைக்க வெளியே வந்தார். தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காகம் வரவில்லை. அணில்தான் வேலியில் வந்து குந்தியது. அதைக் கலைத்துவிட்டு, சோற்றுத் தட்டோடு அங்கேயே நின்றார். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் ஒரு வாய் சோறு கேட்டிருந்தாள். புரைக்கேறும், கொடுக்க வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னதைக் கேட்டு அவர் கொடுக்கவில்லை. இப்போதும் அவள் பசியோடுதான் போக வேண்டுமா?

வலையைத் தூக்கி, சோற்றைக் குளத்துக்குள் விட்டார். அன்றைக்கு நல்ல வெயில். அடியில் அசையாமல் கிடந்த மீன்கள் மெல்ல மேலே வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று தியாகலிங்கம் விம்மி விம்மி அழுதார். அந்தக் கிழமை முழுக்கத் தன் மத்தியானச் சோற்றில் ஒரு பிடியைக் குளத்துக்குக் கொண்டுபோனார். செப்டம்பருக்குப் பிறகு அவர் நிம்மதியாக நித்திரை கொண்டது அந்த நாட்களில்தான்.

பிறகு மீன்கள் வயிறு ஊதி ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. ஹீற்றர் பிழையோ என்று பதறி மகளுக்கு ஃபோன் எடுத்தார்.

"சாப்பாடு ஏதும் போட்டனீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை. அம்மாக்குப் படைச்ச சோறு."

குளிர்த் தண்ணீரில் மீனுக்குச் செமிக்காது, தின்றது வயிற்றுக்குள்ளேயே கிடந்து அழுகிவிடும், இலை கொட்டத் தொடங்கினாலே அம்மா சாப்பாட்டை நிறுத்திவிடுவா என்று வினோஜா மெதுவாகச் சொன்னாள். அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மிச்சம் இருக்கிறதுக்கு ஒண்டும் போடாதேங்கோ அப்பா. வந்து கேட்டாலும் போடாதேங்கோ."

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. செத்தவற்றை வேலியோரம் குழி வெட்டித் தாட்டுவிட்டு, கை கழுவாமலே குளத்தடிக்கு வந்தார். அவர் நிழல் விழுந்ததும் அது மேலே வந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இந்த முறையும் தரக்கூடாதாம், ஈசு," என்றார் தியாகலிங்கம்.