தாளின் பின்பக்கம்

1

இந்தக் கதையை நானாக விரும்பித் தொடங்கவில்லை. எங்கள் கண் நல அமைப்பின் ஆண்டு மலருக்கு கிர்கிஸ்தானின் நாரின் மலைப்பகுதியிலிருந்து ஒரு கதை வேண்டும் என்று தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள அலுவலகம் கேட்டது. ஒரு பக்கம், ஒரு படம், முடிவில் நம்பிக்கை. பதினோரு நாளாயிற்று, தொடக்கத்தையே தாண்டவில்லை.

முதல் தொடக்கம்: "பார்வை போனாலும் மனம் தளராத மேய்ப்பர் ஒருவர்…"

(அடித்துவிட்டேன். அந்த மேய்ப்பர் ஒரோஸ்பெக்குக்கு மனம் தளர்ந்துதான் போயிற்று. நாலு மாதம் யாரோடும் பேசவில்லை.)

2

நேராகவே சொல்கிறேன். ஜூன் மாதம், கண் முகாம். பெயர் பதியும் மேசையில் பெர்மெத் என்று ஒருத்தி. ஒரோஸ்பெக் குதிரையை வெளியே கட்டிவிட்டு வந்து, மருத்துவர் தந்த தாளை அவளிடம் நீட்டினார். மறுநாள் அவர் மந்தையோடு மேய்ச்சல் மலைக்கு ஏறவேண்டும். ஜூனில் ஏறுகிறவர்கள் செப்டம்பரில்தான் இறங்குவார்கள். அதனால் கண்புரைக்காரர்களுக்கெல்லாம் செப்டம்பர் தேதி போடுவது எங்கள் வழக்கம்.

எறங்கி வந்து பாத்துக்கலாமா என்று கேட்டார்.

"பொரைதானே அண்ணே, அது எங்க ஓடிடப் போகுது? ஆடுதான் ஓடும். போய்ட்டு வாங்க."

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

புரை காத்திருக்கும். கண் அழுத்த நோய் காத்திருக்காது. அவருக்கு இருந்தது இரண்டாவது. தாளின் பின்பக்கத்தில் 'உடனே' என்று மருத்துவர் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். பெர்மெத் தாளைத் திருப்பவில்லை. செப்டம்பரில் அவர் இறங்கி வந்தபோது இரண்டு கண்ணும்

(இது இப்படியே நிற்கட்டும்.)

3

இந்தப் பெர்மெத்தை நான் நம்பவில்லை. ஒரு வரைவில் அவளுக்குக் காய்ச்சல். இன்னொன்றில் மழையில் எழுத்து அழிந்துவிட்டது. மூன்றாவதில் மருத்துவர் எழுதவே மறந்தார். எல்லாம் பூசி மெழுகியது. அன்று நல்ல வெயில், காலை பத்து மணி, வயிறாரச் சாப்பிட்டிருந்தாள்.

பெர்மெத் நான்தான். பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். அதுவும் கோழைத்தனம்.

4

போன வாரம் ஒரோஸ்பெக் வீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். அலுவலகம் கொடுத்தனுப்பிய வெள்ளைக்கோலோடு அவர் நிற்கவேண்டும். தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என் குதிரைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இத உங்க ஆபீஸ் ஆளுங்களுக்குக் குடு, தடுமாறாம நடப்பாங்க."

அவர் மனைவி தேநீர் ஊற்றியபடியே குத்திப் பேசினாள். ஆடு பெருசா கண்ணு பெருசான்னு தெரியாத மனுசன், என்றாள். அவர் மறுக்கவில்லை.

"அவ சொல்றது சரிதான். மலைக்குப் போனது என் தப்பு. அதையும் எழுதிக்கோ, மத்தவனாவது போகாம இருப்பான்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேநீரைக் குடித்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு வாசிச்சுக் காட்டு, தங்கச்சி. ஒரு வரி விடாம."

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிக்கிறார். அதை நானே எனக்கு எழுதிக்கொண்டேன், செல்லாது. இன்னொன்றில் குதிரையேறிப் போய்விடுகிறார். மற்றொன்றில் அவர் மனைவி

(வேண்டாம்.)

நாளைக்கு வாசிக்கப் போகிறேன். இரண்டாம் பகுதியில் தாளின் பின்பக்கம் பற்றிய இரண்டு வரியையும், மூன்றாம் பகுதி முழுவதையும் நான் தாண்டிவிட்டால் அவருக்குத் தெரியாது. சாகும்வரை தன் தப்பு என்றே இருப்பார்.

ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் முதலில் உங்களிடம் கொடுத்தேன்.