நடிக்காத அப்பா

படப்பிடிப்பு தொடங்க ஒரு நாள் இருக்கும்போது சித்தப்பா கையை விரித்துவிட்டார். ஏகப்பட்ட படங்களில் சித்தப்பாவாகவே வந்துபோனதால் அந்த நடிகருக்கு அதுவே பெயராகிவிட்டது. இந்தப் படத்தில்தான் முதன்முறையாக அப்பா வேடம். சாம்பல் நிறத்தில் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. தையற்காரர் கடையில் அதைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் போயிருந்தார்.

"உடம்பு முடியல தம்பி. வேற யாரையாவது பாத்துக்குங்க" என்றார் போனில், தயாரிப்பாளரிடம். குரலில் நோய் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

"தலைவர் பேசினாரா சித்தப்பா?"

"யாரும் பேசல. நானும் இன்னும் நாலு படம் நடிக்கணும்ல" என்று வைத்துவிட்டார்.

தயாரிப்பாளருக்குப் புரிந்துவிட்டது. தான் விநியோகஸ்தர் சங்கத் தேர்தலில் எதிரணிக்கு ஓட்டுப் போட்டது எப்படியோ சங்கத் தலைவர் காதுக்குப் போயிருக்கிறது. தலைவரை முறைத்துக்கொண்டவருடன் வேலை செய்ய இனி எந்த நடிகரும் வரமாட்டார்.

படத்தொகுப்பு செய்பவள் தயாரிப்பாளரின் தங்கை. அவள்தான் வழி சொன்னாள். "அப்பாவ சாவடிச்சிருண்ணா. கதை ஆரம்பிக்கும்போதே போய்ச் சேந்துட்டார்னு வெச்சுக்கலாம். வீட்டுல அவரோட நாற்காலி மட்டும் கிடக்கட்டும்."

அப்படியே எடுத்தார்கள். செத்துப்போன அப்பாவின் கடிகாரக் கடைக்காக இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொள்கிற சிரிப்புப் படம் அது.

வெளியீட்டிலும் தலைவர் விட்டுவைக்கவில்லை. நல்ல தியேட்டர்கள் எல்லாம் அவருடைய பெரிய படத்துக்குப் போயின. இவர்களுக்கு ஊர்க்கோடியில் ஒரு பழைய தியேட்டர், அதுவும் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது.

முதல் நாள் தங்கை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். கூட்டம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. சிரிப்பு வரவேண்டிய முதல் இடம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த இடத்திலும் இல்லை. போச்சு, மண்ணைக் கவ்விவிட்டோம் என்று நினைத்தாள். ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை. படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வரும்போது முன்னால் போன ஒரு பெண் கணவனிடம் சொன்னாள். "பசங்க ரெண்டு பேரும் அந்தக் கத்து கத்துறானுங்க, அப்பா வாயத் தொறக்காம உக்காந்திருந்தாரே. அதாங்க தாங்கல."

நாற்காலியைத்தான் சொல்கிறாள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம் கூடியது. வார இறுதியில் டிக்கெட் இல்லை. பத்திரிகை விமர்சனத்தில், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சித்தப்பா படத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். தங்கை அதை அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். "ஓடுது. ஏன் ஓடுதுன்னு நோண்டினா நின்னுடும். பேசாம இரு."

தலைவரே போன் செய்தார். "உன் படத்துல நடிக்கலன்னு அவரை எங்கிட்ட சொல்ல வெச்சுட்டு, கமுக்கமா நடிக்க வெச்சிருக்க. கெட்டிக்காரன்யா. சரி, பழசெல்லாம் விடு. நம்ம தியேட்டர்லயும் போடு."

ஒரு மத்தியானம் சித்தப்பா எடிட்டிங் அறைக்கு வந்தார். இளைத்திருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தெருவுல நடக்க முடியலம்மா. கையப் புடிச்சுக்கிட்டு அழறாங்க. நான் நடிக்கவே இல்லைன்னா, தன்னடக்கத்தப் பாருங்கறாங்க." குரலைத் தாழ்த்தினார். "சரி, என்ன சட்டை போட்டிருந்தேன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். சாம்பல் கலர்னு சொல்றார்."

அந்தச் சட்டையைத் தையற்காரரையும் இவர்களையும் தவிர யாரும் பார்த்ததில்லை.

"அந்த சீனை எனக்குக் காட்டு."

அவள் போட்டாள். வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டை. நடுவில் நாற்காலி, வெறும் நாற்காலி. அவள் எத்தனையோ முறை வெட்டி ஒட்டிய காட்சிதான். சித்தப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் விரல்கள் தன் சட்டையின் மேல்பட்டனைத் தேடிப்போய்த் திருகத் தொடங்கின. கண்ணீர் வடிந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார்.

"சித்தப்பா, அங்க யாருமே இல்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு ஆளாளுக்கு அந்த அப்பாவைத் தேடினார்கள். தலைவர் சித்தப்பாவை வைத்து, ஊரெல்லாம் கட்அவுட் நிறுத்தி, பெரிய செலவில் ஒரு அப்பா படம் எடுத்தார். அதில் சித்தப்பா பேசினார், கதறினார், மழையில் விழுந்து புரண்டார். எல்லாத் தியேட்டரிலும் வெளியாகி, எல்லாத் தியேட்டரிலும் சேர்ந்தே படுத்தது. அண்ணனும் சும்மா இருக்கவில்லை. அடுத்த படத்தில் அறைக்கு அறை காலி நாற்காலி போட்டார். வந்த கொஞ்சப் பேரும், வீட்டில் இவ்வளவு நாற்காலி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் தியேட்டரிலும் நாற்காலிகள்தான் இருந்தன.

பழைய தியேட்டர்காரர் மட்டும் முதல் படத்தை எடுக்கவே இல்லை. காலைக் காட்சி நடந்துகொண்டே இருந்தது. வாய்ப்பில்லாமல் போன சித்தப்பா தினமும் அங்கே போகிறார் என்று தங்கை கேள்விப்பட்டாள். அண்ணனும் போகிறார் என்று அண்ணிதான் சொன்னாள். "வீட்டுல சொல்றதில்ல. வந்தா ரொம்ப அமைதியா இருக்கார்."

தியேட்டரை இடிக்கப்போகிறார்கள் என்றதும், கடைசிக் காட்சிக்குத் தங்கை போனாள். இந்த முறை முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முகங்களைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வரிசையில் சித்தப்பா, அவரைத் தாண்டி நடுவில் அண்ணன், பக்கத்து இருக்கையில் அவர் பை.

சண்டைக் காட்சி வந்தது. எல்லாக் கண்களும் ஒன்றாக நகர்ந்தன. யாரோ கதவைத் திறந்து மெல்ல நடந்து வருவதைப் பார்ப்பதுபோல வலமிருந்து இடமாக வந்து, ஒரு இடத்தில் நின்றன. திரும்பிப் பார்த்தாள். நாற்காலி இருந்தது.

காட்சி முடிந்து அடுத்தது ஓடத் தொடங்கியது. கண்கள் மட்டும் அதற்குப் போகவில்லை. மறுபடி நகர்ந்தன. திரையின் விளிம்பைக் கடந்து, பக்கச் சுவரோடு போய், நடைபாதையில் இறங்கின.

மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தவர் முழங்காலை ஒதுக்கினார். நடுவில் புகுந்து போகிறவருக்கு வழி விடுவதுபோல. அடுத்தவரும் ஒதுக்கினார். சித்தப்பா பாதி எழுந்து, உடம்பை ஒடுக்கி நின்று, மறுபடி உட்கார்ந்தார். அண்ணன் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. அண்ணன் வரும்வரை நின்றிருந்து கேட்டாள்.

"யாருக்குண்ணா எடம் விட்ட?"

அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உனக்கு நிஜமாவே தெரியலையா?" என்றார். கேட்டபடியே ஓரடி பின்னால் நகர்ந்தார்.